கும்பிடுற காகம்

என்ர மனிசன் பத்மநாதனுக்கு ஒரு கொள்கை இருந்தது. கைவைக்காதை. விழுந்த மரம் விழுந்த இடத்தில கிடக்கட்டும், உக்கிறது உக்கட்டும், முளைக்கிறது முளைக்கட்டும். லண்டன் குட்மேய்ஸில எங்கட வீட்டுப் பின்வேலிக்கு அங்கால இருந்த சின்னக் காட்டுக்குத்தான் இவ்வளவு வேதாந்தம். காடெண்டவுடன நீங்கள் பெரிசா நினைச்சுப் போடாதேங்கோ. ஒரு முனையில நிண்டு கூப்பிட்டா மற்ற முனையில நிக்கிறவர் திரும்பிப் பாப்பார். அவ்வளவுதான் காடு.

எண்பத்தேழாம் ஆண்டுப் புயலில அதில பாதி மரம் சரிஞ்சுபோச்சு. அயலில இருக்கிற வெள்ளைக்காரர் சேர்ந்து ஒரு சங்கம் வைச்சினம். வெட்டித் துப்புரவாக்கிப் புதுக் கண்டு நடுவம் எண்டு ஒரு பகுதி நிண்டுது. இவர் எழும்பி, ஊரில உயிரியல் படிப்பிச்ச வாத்தியார்க் குணத்தோட, ஒண்டும் செய்யாதேங்கோ, காடு தன்னைத் தானே பாத்துக்கொள்ளும் எண்டு ஒரு பிரசங்கம் வைச்சார். பெற்றோல் ஸ்ரேசனில நிக்கிற மனிசன்ர சொல்லை இந்த நாட்டில ஆரும் கேட்டது அண்டைக்குத்தான். கடைசியில அவரையே காட்டுக்குக் காவலாப் போட்டினம். சம்பளம் கிடையாது, ஒரு பச்சைச் சட்டை மட்டும். நான் விட்டிருந்தா அதைக் கலியாண வீட்டுக்கும் போட்டுக்கொண்டு வந்திருப்பார்.

வீட்டிலயும் அதே கொள்கைதான். புல் வெட்ட மாட்டார். குடிச்ச கோப்பையிலயும் கைவைக்க மாட்டார். "இதுவும் தானா உக்கட்டுமோ?" எண்டு நான் கேட்டா, "உமக்கு உது விளங்காது ரமா" எண்டு போட்டுப் பின்கதவால போயிடுவார். ஆரும் ஒரு விறகுத்தடியை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டா வழிமறிச்சு, எடுத்த இடத்திலயே வைக்கப் பண்ணுவார். ஒருக்கா ஒரு அணில்குஞ்சு மரத்தால விழுந்து கீச்சுக் கீச்செண்டு கத்திக்கொண்டு கிடந்தது. தூக்கப் போன என்ர கையைத் தட்டிவிட்டார். பின்னேரம் அது கத்துறதை நிப்பாட்டிப் போட்டுது. பாத்தீரே, பிரச்சினை முடிஞ்சுது எண்டார். எனக்கு அந்த மனிசனில அண்டைக்கு வெறுப்பு வந்தது, அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை.

தொண்ணூறாம் ஆண்டு அவற்ற தமக்கை கமலாம்பிகை எங்களோட வந்து சேந்தா. எனக்கு மச்சாள். அவவின்ர கதையைச் சொல்லாமல் இதைச் சொல்லேலாது.

மச்சாளுக்கு ஒரே பெடியன். ஆனந்தராஜா எண்டு பேர், வீட்டில ராசன். பிறக்கேக்கயே இடப்பக்க நெத்திக்கு மேல ஒரு பிடி மயிர் வெள்ளை. ஒருநாள் ஆமி ஊரைச் சுத்திவளைச்சுப் பெடியளை எல்லாம் பள்ளிக்கூட வளவில கொண்டுபோய் இருத்தினது. அந்த நாளையில என்ன செய்யிறவங்கள் தெரியுந்தானே. ஜீப்பில ஒருத்தனை முகத்துக்குச் சாக்குப் போட்டு வைச்சிருப்பாங்கள். சனத்தை ஒவ்வொருத்தரா அவனுக்கு முன்னால நடத்துவாங்கள். சாக்குத் தலை ஆடினா ஆள் முடிஞ்சான். சாக்குக்குள்ள இருக்கிறவனைத் தலையாட்டி எண்டு சொல்லுறது. அண்டைக்கும் தலை ஆடினது, ஊர்ப் பிள்ளையள் சிலபேரைப் பிடிச்சுக்கொண்டு போனாங்கள், திரும்பி வரேல்லை. ராசனை மட்டும் புறம்பாக் கூட்டிக்கொண்டுபோன ஆமி, பின்னேரம் வீட்டை போக விட்டுது.

விட்டதுதான் வினை. உன்னை மட்டும் ஏன் விட்டவங்கள் எண்டு ஊர் கேட்டுது. சாக்குக்குள்ள இருந்தது இவன்தான் எண்டு ஊரே முடிவெடுத்துது. சாக்குக்குள்ள இருந்த முகத்தை ஒருத்தரும் காணேல்லை எண்டது ஒருத்தருக்கும் உறைக்கேல்லை. இரண்டு கிழமைக்குள்ள இயக்கக்காரர் சந்தி லைட் போஸ்ற்றில பெடியனைக் கட்டி வைச்சு, கழுத்தில துரோகி எண்டு எழுதின ஒரு மட்டையைத் தொங்கவிட்டுச் சுட்டுப்போட்டாங்கள். சாவீட்டுக்கு ஒரு குஞ்சு வரேல்லை. ஐயரும் வரமாட்டன் எண்டிட்டார். மச்சாள் தனிய முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு செய்தா. பெடியனுக்குப் பிடிச்சதெல்லாம் சமைச்சு, படைச்சு, காகத்துக்கெண்டு கூரையில சோறு வைச்சுக் கூப்பிட்டா. ஒரு காகம் வரேல்லை. மதிலில இருந்த காகங்களும் எழும்பிப் போச்சுதாம். ஊர்தான் வரேல்லை, காகமுமா வரக்கூடாது எண்டு என்னட்ட எத்தினை தரம் கேட்டிருப்பா. செத்தவனுக்கு மனம் ஆறேல்லை எண்டாத்தானே காகம் சோறு தொடாது.

குட்மேய்ஸுக்கு வந்த அடுத்த நாள், தான் சாப்பிட முதல் ஒரு பிடி சோறும் பருப்பும் குழைச்சுப் பின்வளவுக் கொட்டில் கூரையில வைச்சு, "கா, கா" எண்டு கூப்பிட்டா. காட்டுக்குள்ளயிருந்து ஒரு காகம் நேர வந்து இறங்கினது. முழுக் கறுப்பு, இடப்பக்கச் செட்டையில மட்டும் வெள்ளை இறகு. வந்ததும் சோத்தில வாய் வைச்சுது.

மச்சாள் அப்பிடியே புல்லில இருந்திட்டா. "ரமா, சாப்பிடுறான்" எண்டா. அதுக்குப் பிறகு அந்த மனுசி ஆள் மாறிப்போனா. நித்திரை கொண்டா, தலை இழுத்து முடிஞ்சா, என்னோட கோயிலுக்கு வந்தா. ராசன் சாப்பிட்டான் எண்டா, அவன் தலையாட்டேல்லை, ஆறுதலா இருக்கிறான் எண்டதுதான் அவவின்ர கணக்கு. நான் அதைக் கலைக்கப் போகேல்லை. மனிசன் மட்டும் வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருக்கேலாமல், "அக்கா, வெள்ளை இறகு சத்தில்லாத தீனியால வாறது. நீங்கள் போடுற சோறும் ஒரு காரணம்" எண்டார். மச்சாள் கேட்டுப்போட்டு அடுத்த நாளிலயிருந்து சோத்தில முட்டையும் போட்டுக் குழைச்சா.

இப்ப குருவிக்கு வாறன். புயலுக்கு விழுந்த மரங்களுக்கு இடையில முள்ளும் பத்தையுமா மண்டி வளந்திருந்தது. தொண்ணூற்றிரண்டு சித்திரையில அந்தப் பத்தைக்குள்ள நைட்டிங்கேல் எண்ட குருவி ஒரு சோடி வந்து கூடு கட்டினது. பாத்தா மண்நிறத்தில ஒண்டுமில்லாத குருவி. வாயைத் திறந்தா விடாமல் பாடும், அதை நானும் ஒத்துக்கொள்ளுறன். லண்டனுக்குள்ள அது வாறதே இல்லையாம். மனிசன் கண்ணில தண்ணியோட வந்து நிண்டார். எங்கட கலியாணத்தில அழாத மனிசன். "கைவைக்காமல் விட்டதால வந்தது ரமா" எண்டார். சங்கத்து ஆக்கள் வீட்டை வந்து கைகுடுத்தினம். சங்கத் தலைவி மிஸிஸ் ஹாட்லி என்ர வடையைத் திண்டுகொண்டு, இந்த முறை குஞ்சு பொரிச்சுதெண்டா இந்தக் காட்டை இனி ஒருத்தரும் அசைக்கேலாது எண்டு சொன்னா.

ஆனா காகங்கள் முட்டை திண்ணும். மச்சாளின்ர சோத்துக்கு வெள்ளைச் செட்டைக்காரனோட இன்னும் கொஞ்சம் சேந்து பழகியிருந்ததுகள். மனிசன் தமக்கையிட்ட, சோறு வைக்கிறதை நிப்பாட்டுங்கோ அக்கா எண்டு ஒருக்காச் சொன்னார். மச்சாள் அவரைத் திரும்பிப் பாத்துப்போட்டு, அடுத்த பிடி சோத்தையும் குழைச்சுக் கூரையில வைச்சா.

பிறகு ஒருநாள் பாத்தா, காட்டின்ர ஓரத்தில இரண்டு அறை வைச்ச ஒரு கம்பிவலைப் பெட்டி. அதுக்குள்ள ஒரு காகம். மனிசன் தமக்கையைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டி, "காயம்பட்ட காகம் அக்கா, சுகமாகும் வரைக்கும் வைச்சிருக்கிறம். நான் ஷிப்டுக்குப் போற நேரத்தில நீங்கள் சாப்பாடு தண்ணி பாத்துக்கொள்ளுங்கோ" எண்டார். மச்சாளுக்கு உச்சி குளிர்ந்துபோச்சு. தம்பி மனம் மாறிட்டான் எண்டு என்னட்டச் சொல்லிச் சந்தோசப்பட்டா. எனக்கும் அப்ப உண்மை தெரியாது. கைவைக்காத மனிசன் காகத்துக்கு வைத்தியம் பாக்கிறாரே எண்டு ஒரு ஐமிச்சம் மட்டும் இருந்தது.

காலமை காலமை மச்சாள் கிண்ணத்தில சோறு கொண்டுபோவா. பெட்டிக்குள்ள இருந்த காகம் ஒவ்வொரு தரம் கரையேக்கயும் முன்னால குனிஞ்சு குனிஞ்சு எழும்பும். இந்த நாட்டுக் காகம் எல்லாம் அப்பிடித்தான் கரையிறது. மச்சாள் வந்து, "பாவம் ரமா, சோத்தைக் கண்டவுடன என்னைக் கும்பிடுது" எண்டு சொல்லுவா. கொட்டில் கூரைக்கு வாற காகங்கள் குறைஞ்சு கொண்டு போச்சு. அதுகளும் கூடு கட்டுற காலந்தானே எண்டு அவவே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டா.

மே மாதம் நடுவில ஒரு காலமை மச்சாள் ஓடி வந்தா. ஓடுற வயசில்லை, செருப்பும் கழண்டுபோச்சு. "ரமா, ராசன் பெட்டிக்குள்ள வந்திட்டான். தானா வந்திட்டான். தம்பி சொன்னவன், இனி அவனை வைச்சிருக்கலாமாம்." நான் போய்ப் பாத்தன். பழைய காகம் இருந்த அறையில வெள்ளைச் செட்டைக்காரன் இருந்தான். பழைய காகம் எங்க எண்டு கேட்டன். சுகமாகிப் பறந்திட்டுதாம், தம்பி சொன்னவனாம். மச்சாள் கையை உள்ள விட, அது அவவின்ர கையில இருந்த முட்டைச் சோத்தைக் கொத்தித் திண்டுது. அவவின்ர முகம் அண்டைக்கு இருந்த வடிவை நான் முன்னமும் கண்டதில்லை, பிறகும் காணேல்லை. "இனிமேல் ஒருத்தரும் இவனைத் தொடேலாது. கம்பிக்குள்ள இருக்கிறான்" எண்டு சொன்னா.

அதுக்குப் பிறகு சோத்துக்கிண்ணத்தோட ஒரு சின்னக் கதிரையும் கொண்டுபோகத் துவங்கினா. பகல் முழுக்க அதுக்குப் பக்கத்தில இருந்து ஊர்க்கதை சொல்லுவா. சாப்பிடக் கூப்பிட்டாலும் வரமாட்டா. ஒரு மத்தியானம் கூப்பிடப் போன நான் முள்ளுப் பத்தையைச் சுத்திக்கொண்டு போனன். நாத்தம் மூக்கில அடிச்சுது. பத்தைக்குக் கீழ காகங்கள். கும்பலாக் கிடந்ததுகள், எல்லாத்தின்ர தலையும் ஒரு பக்கம் தொங்கிக்கொண்டு. பழசுகளில புழு நெளிஞ்சுது.

மனிசன் வேலையால வந்து செருப்புக் கழட்ட முன்னமே பிடிச்சன். அந்தப் பெட்டி என்ன எண்டு கேட்டன். அவர் வகுப்பெடுக்கிற மாதிரிச் சொன்னார். அது பொறியாம். ஒரு அறையில உயிரோட ஒரு காகத்தை வைக்கிறது. அது கரையும். எங்கட இடத்தில ஆரடா நீ எண்டு அயல்க் காகங்கள் சண்டைக்கு வரும். பக்கத்து அறையின்ர மூடி ஒரு தடியில முட்டுக்குடுத்து நிக்கும், வந்தது தடியில கால் வைக்க மூடி விழும். இவர் காலமை அக்கா எழும்ப முதல் போய், அடிச்சுச் சாகடிச்சு, பத்தைக்குக் கீழ போடுறார். காட்டில செத்தது காட்டுக்காம். பழையதையும் அப்பிடித்தான் சாக்காட்டினது. வெள்ளைச் செட்டைக்காரன் இந்த இடத்துக்குச் சொந்தக்காரன் எண்டபடியால், அவன்ர குரலுக்கு மற்றதுகள் கூட வரும் எண்டு அவனை உள்ள வைச்சாராம்.

"கைவைக்காதை எண்டு ஊருக்குப் பிரசங்கம் வைக்கிறியள், இதென்ன கோதாரி?" எண்டு கேட்டன்.

"இது கைவைக்கிறதில்லை. ஒரு சின்னச் சமநிலை. ஒரு வசந்தத்துக்கு மட்டும்" எண்டார்.

"அணில்குஞ்சு சாகேக்க கைவைக்கக்கூடாது, காகத்தைச் சாக்கொல்ல மட்டும் கைவைக்கலாமோ? பெத்தவவின்ர கையால சோறு போடுவிச்சு?"

"அக்கா சந்தோசமா இருக்கிறா. நீர் அதைக் கெடுக்காதையும். குஞ்சு பறந்த பிறகு எல்லாத்தையும் எடுத்திடுவன்."

அவர் சாப்பிட இருந்தார். நான் சோறு போடேல்லை. எனக்குப் பத்தியெரிஞ்சுது. அடுத்த நாள் காலமை அவர் ஷிப்டுக்குப் போனவுடன, குசினியில முட்டைச் சோறு குழைச்சுக்கொண்டு நிண்ட மச்சாளிட்ட எல்லாத்தையும் சொன்னன். சொன்னது பிழையெண்டு ஒருத்தரும் எனக்குப் புத்தி சொல்ல வரவேண்டாம். அந்த மனுசியை அப்பிடி ஏமாத்தி வைச்சிருக்கிற வீட்டில என்னால மூச்சு விடேலாமல் கிடந்தது.

"உது வைத்தியமில்லை மச்சாள், பொறி" எண்டன். "நீங்கள் சோறு வைக்க அது கரையுது. அது கரைய மற்றதுகள் வருகுது. வாறதை உங்கட தம்பி அடிச்சுக் கொல்லுறார். அந்தக் காகம் தன்ர இனத்தைக் காட்டிக் குடுக்கிறதுக்குத்தான் அங்க இருக்குது."

மச்சாளின்ர கை சோத்துக்குள்ள நிண்டுபோச்சு. பிறகு எனக்குச் சொல்லுற மாதிரி இல்லாமல் மெல்லமாச் சொன்னா. "அப்ப அது கும்பிடேல்லை. தலையாட்டுது."

எனக்கு அப்பதான் விளங்கினது நான் என்ன சொல்லைச் சொல்லிப் போட்டன் எண்டு. ஐயோ மச்சாள், அது வெறும் காகம் எண்டன். அவ காதில விழேல்லை. கையைக் கழுவினா. சீலைத் தலைப்பை இடுப்பில செருகினா. பின்கதவால இறங்கிப் போனா. நான் பின்னால ஓடினன்.

பெட்டிக்குள்ள அவன் அவவைக் கண்டவுடன கரைஞ்சான். குனிஞ்சு எழும்பி, குனிஞ்சு எழும்பி. மச்சாள் அதைப் பாத்துக்கொண்டு நிண்டா. அவவின்ர வாய் கோணிக்கொண்டு வந்தது. பிறகு பக்கக் கதவைத் திறந்து கையை உள்ள விட்டா. அந்தக் கையை அவனுக்குத் தெரியுந்தானே, அவன் விலகேல்லை. வெளியில எடுத்து நெஞ்சோட அணைச்சுப் பிடிச்சா.

"விடுங்கோ மச்சாள், பறந்து போகட்டும்" எண்டன்.

"விட்டவங்கள்தானே ரமா" எண்டா. "அண்டைக்கும் விட்டவங்கள். விட்டபடியால்தானே சுட்டவங்கள். இதுவும் திரும்பிப் போனா மற்றதுகள் விடுமோ? லைட் போஸ்ற்றில என்ர பிள்ளையை இன்னொருக்கா நான் பாக்க மாட்டன்."

சீலைத் தலைப்பால அதின்ர முகத்தை மூடினா. மூடினவுடன அது அடங்கிப் போச்சு. அந்தத் துணிக்குள்ள அதின்ர தலை ஒருக்கா அசைஞ்சது. "ஆட்டாதை ராசன்" எண்டா. பிறகு ஊரில கோழிக்குச் செய்யிற மாதிரிக் கையைத் திருப்பினா. சின்னச் சத்தம் ஒண்டு கேட்டுது. அவ அழேல்லை. நான்தான் அந்த முள்ளுக்குள்ள இருந்து குழறி அழுதன்.

பின்னேரம் மனிசன் வந்து வெறும் பெட்டியைப் பாத்துப்போட்டு வந்து, "ஆர் அதில கைவைச்சது?" எண்டு கேட்டார். மச்சாள் மடியில வைச்சிருந்ததை விரிச்சுக் காட்டினா. அவற்ற முகம் செத்துப்போச்சு. அதோட நிண்டிருந்தா நான் அந்த மனிசனை மன்னிச்சிருப்பன். ஆனா கொஞ்ச நேரத்தால, "உயிரோட ஒண்டு இல்லாட்டிப் பொறி வேலை செய்யாது அக்கா. பரவாயில்லை, இஞ்ச இனி வேற காகம் மிச்சமில்லை" எண்டு ஆறுதல் சொல்லுற மாதிரிச் சொன்னார்.

மச்சாள் அதைக் கொட்டிலுக்குப் பின்னால கிடங்கு கிண்டித் தாட்டா. முப்பத்தோராம் நாள் திரும்ப அந்தியேட்டி செய்யப்போறன் எண்டா. "அண்டைக்கு ஒருத்தரும் வரேல்லை. இந்தமுறை நீ தாய்மாமன் இருக்கிறாய்" எண்டு தம்பிக்குச் சொன்னா. அவர் மாட்டன் எண்டு சொல்லேல்லை. அந்தியேட்டியண்டைக்குப் பச்சைச் சட்டையைக் கழட்டி வைச்சுப்போட்டு வேட்டியோட வந்தார். நானும் மச்சாளும் விடியவே எழும்பிச் சமைச்சம். கத்தரிக்காய்ப் பால்கறி, முருங்கைக்காய், உளுத்தம் வடை, ராசனுக்குப் பிடிச்ச மாம்பழம். மச்சாள் தலைவாழை இலையில எல்லாத்தையும் படைச்சு, கற்பூரம் காட்டி, காகத்துப் பங்கைக் கொட்டில் கூரையில வைச்சா.

"கா, கா" எண்டு கூப்பிட்டா.

ஒண்டும் வரேல்லை. திரும்பவும் கூப்பிட்டா. ஒரு புறா வந்து இறங்க, கையைத் தட்டிக் கலைச்சா. திரும்பவும் கூப்பிட்டா. காட்டுக்குள்ள அந்த நைட்டிங்கேல் பாடத் துவங்கினது. அது பாடி ஓயிற காலமாம், இருந்தும் பாடினது. மனிசன் கைகட்டிக்கொண்டு நிண்டவர் தன்னை அறியாமலே காட்டுப் பக்கம் தலையைத் திருப்பினார். முகம் இளகினது. அதை நான் கண்டன்.

"இஞ்சருங்கோ" எண்டன். "காகங்களைச் சாக்காட்டினது நீங்கள். நீங்களே போய் அந்தச் சோத்தைத் திண்ணுங்கோ."

அவர் என்னைப் பாக்கேல்லை. தமக்கைக்குக் கிட்டப்போய்த் தோளில கைவைச்சு, "வெறுமையா விட்ட இடத்துக்கு வேற காகம் வரும் அக்கா. ஒரு வருசம், இரண்டு வருசம் போகலாம். ஒண்டும் செய்யாமல் விட்டாத் தானா வரும்" எண்டார்.

"அப்ப இருக்கிறன்" எண்டா மச்சாள். பெட்டிக்குப் பக்கத்தில போட்டிருந்த அந்தச் சின்னக் கதிரையை எடுத்துக்கொண்டு வந்து, கூரையைப் பாத்தபடி இருந்திட்டா. சாப்பிடக் கூப்பிட்டம், காகம் சாப்பிடாமல் தான் எப்பிடிச் சாப்பிடுறது எண்டு கேட்டா. பின்னேரம் சோறு காய்ஞ்சு போச்சு.